தைராய்டும் சுத்தி இருக்கிற கெமிக்கலும்: அம்மாவுக்கு ஒரு பதில், அக்காவுக்கு வேற பதில்

தங்கச்சி, உங்க கேள்வியை நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி முதல்ல சொல்லிர்றேன், அப்பதான் மத்தவங்களுக்கும் விளங்கும். காரைக்குடியில இருக்கிற உங்க அம்மாவுக்கு ரொம்ப வருஷமா தைராய்டு, 75 மைக்ரோகிராம்லயே ஓடிக்கிட்டு இருந்த மாத்திரை இப்ப 125க்கு வந்திருச்சு, நடுவுல வலிப்புக்கு ஃபெனிடாயின் மாத்திரை ஆரம்பிச்சாங்க. புதுவயல் பக்கம் வாக்கப்பட்ட உங்க அக்கா இப்ப மாசமா இருக்காங்க, மூணாவது மாசம், அவங்களுக்கும் டிஎஸ்ஹெச் (தைராய்டு சுரப்பியை வேலை பாருன்னு விரட்டுற ஹார்மோன், தைராய்டு குறைஞ்சா இது ஏறும்) கொஞ்சம் கூட இருக்குன்னு லேப்ல வந்திருக்கு. வீட்டுக்கு வர்ற சொந்தபந்தம் எல்லாம் "கேன் தண்ணியும் காய்கறிக்கு அடிக்கிற மருந்தும்தான் எல்லாத்துக்கும் காரணம்"ங்கிறாங்க, அது உண்மையா, எந்தெந்தக் கெமிக்கல், என்ன பண்ணணும்னு கேட்டிருக்கீங்க.

நான் டாக்டர் இல்லைங்க, பயோகெமிஸ்ட்ரி படிச்சு அதையே பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆளு. மாத்திரை அளவை மாத்துறது உங்க டாக்டர் வேலை. ஆனா ஹார்மோன் உடம்புக்குள்ள எங்க பிறந்து எங்க போய் எப்படி அழியுது, நடுவுல எந்தக் கெமிக்கல் எந்த இடத்துல கை வைக்கும்ங்கிறது எனக்கு நல்லாத் தெரியும், அதுல ரொம்ப அக்கறையும் உண்டு, ஏன்னா நம்ம பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் இந்த மாத்திரை போட ஆரம்பிச்சிட்டாங்க.

சுருக்கமா சொன்னா சொந்தக்காரங்க சொல்றதுல கொஞ்சம் உண்மை இருக்கு, ஆனா அவங்க கை காட்டுற இடம் தப்பு. நம்ம நாட்டுல பெரியவங்களுக்கு வர்ற தைராய்டு குறைவுல பெரும்பகுதி உடம்போட எதிர்ப்பு சக்தியே சுரப்பியைத் தாக்குறதால வர்றது, ஹாஷிமோட்டோன்னு பேரு, டிபிஓ ஆன்டிபாடின்னு ஒரு டெஸ்ட் எடுத்தா பெரும்பாலும் தெரிஞ்சிரும். 2013ல வெளிவந்த எட்டு நகர ஆய்வுல 5,376 பேரைப் பார்த்ததுல கிட்டத்தட்ட 11 சதவீதம் பேருக்கு தைராய்டு குறைவு இருந்துச்சு, சென்னையும் அந்த எட்டுல ஒண்ணு. இவ்வளவு பேருக்கும் கேன் தண்ணிதான் காரணம்னு எந்த ஆய்வும் சொல்லல. கெமிக்கல் என்ன பண்ணும்னா, நல்லா இருக்கிற ஒரு சுரப்பியைத் தனியா நின்னு கவுக்கிறது அபூர்வம், அயோடின் பத்தாத உடம்பு, வயித்துல பிள்ளை இருக்கிற உடம்பு, மாத்திரையை மட்டுமே நம்பி ஓடுற உடம்பு இந்த மூணுலதான் அது வேலையைக் காட்டும். உங்க வீட்டுல ஒருத்தர் ரெண்டாவது, ஒருத்தர் மூணாவது, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

ஹார்மோன் போற வழியைக் கொஞ்சம் பொறுமையா பாருங்க, இது விளங்கிட்டா மிச்சம் தானா விளங்கும். கழுத்துல இருக்கிற சுரப்பி ரத்தத்துல இருந்து அயோடினை இழுக்குது, அதுக்குன்னே சுரப்பி செல்லோட சுவத்துல ஒரு வாசல் இருக்கு. உள்ள வந்த அயோடினை டிபிஓங்கிற என்சைம் புரதத்துல ஒட்ட வைக்குது, அப்படித்தான் நாலு அயோடின் உள்ள டி4 உண்டாகுது, இதைத்தான் மாத்திரையில தைராக்சின்னு விழுங்குறோம். டி4 ரத்தத்துல தனியா மிதக்காது, சில புரதங்கள் மேல ஏறித்தான் போகும். ஆனா டி4 நேரடியா பெருசா வேலை பார்க்காது, ஈரல், மூளை, தசைன்னு அங்கங்க போய் ஒரு அயோடினைக் கழட்டிவிட்டு டி3 ஆகணும், அந்த டி3தான் செல்லுக்குள்ள போய் ஜீனைத் தட்டி எழுப்புற ஆளு. நம்ம உடம்புல இருக்கிற டி3ல சுமார் 80 சதவீதம் இப்படி வெளியில மாத்தினதுதான், சுரப்பி நேரா தர்றது கொஞ்சம்தான். வேலை முடிஞ்ச ஹார்மோனை ஈரல் ஒரு சர்க்கரை மூலக்கூறை ஒட்டி பித்தத்தோட குடலுக்கு அனுப்பி வெளியேத்திரும். டி4 பாதியா குறைய ஒரு வாரம் ஆகும், டி3க்கு ஒரு நாள். ரத்தத்துல ஹார்மோன் குறைஞ்சா மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி டிஎஸ்ஹெச்சைக் கூட்டி சுரப்பியை இன்னும் வேலை பாருன்னு விரட்டும். நல்ல சுரப்பி உள்ள ஆளுக்கு பாதி கெமிக்கல் தொல்லையை இந்த விரட்டலே சமாளிச்சிரும், அதுனாலதான் நூறு பேரு ஒரே தண்ணியைக் குடிச்சாலும் எல்லாருக்கும் ஒண்ணும் ஆகுறதில்லை.

இப்ப முதல் இடம், அந்த அயோடின் வாசல். இங்க வம்பு பண்றதுல முதல் ஆளு பெர்குளோரேட். அயோடைடோட அளவும் மின்சுமையும் கிட்டத்தட்ட இதுக்கும் இருக்கிறதால வாசல் ஏமாந்துபோயி இதை உள்ள விட்டிரும், அயோடின் வெளியில நிக்கும். ஆய்வுக்கூடத்துல அளந்ததுல இந்த வாசலைத் தடுக்கிற வலு தையோசயனேட்டைவிட பெர்குளோரேட்டுக்கு சுமார் 15 மடங்கு, நைட்ரேட்டைவிட சுமார் 240 மடங்கு. 1950கள்ல தைராய்டு அதிகமா சுரக்கிறவங்களுக்கு இதையே மருந்தா குடுத்திருக்காங்க, எலும்பு மஜ்ஜை பாதிப்பு வந்ததும் அதை ரொம்பக் குறைச்சிட்டாங்க.

இது எங்க இருக்குன்னு கேட்டா ராக்கெட் எரிபொருள், பட்டாசு, தீப்பெட்டி. நமக்கு தென்மேற்க நூறு கிலோமீட்டருக்கு மேல தள்ளி சிவகாசி. அங்கயும் மதுரையிலயும் தண்ணி எடுத்து அளந்த ஆய்வு ஒண்ணு 2013ல வந்துச்சு, 60 நிலத்தடி நீர் மாதிரி, அதுல சிவகாசி மாதிரி 57, அந்த 57ல 17 மாதிரி லிட்டருக்கு 15 மைக்ரோகிராம்ங்கிற அமெரிக்க வழிகாட்டு அளவைத் தாண்டியிருந்துச்சு, உச்சமா ஒரு இடத்துல 7,690. மதுரையில எடுத்ததுல ஒண்ணுகூட தாண்டல. அதாவது பட்டாசு ஆலை இருக்கிற இடத்தைச் சுத்தி பிரச்சினை பெருசு, தள்ளிப் போகப் போக இல்லை. உங்க வீட்டு போர் தண்ணியில சிவகாசி அளவுக்கு இருக்கும்னு நினைச்சு பயப்பட இதுல எந்தக் காரணமும் இல்லை.

ஆனா ஊருணியைப் பத்தி ஒண்ணு சொல்லணும். அமெரிக்காவுல ஓக்லஹோமா மாநிலத்துல ஒரு சின்ன ஏரிக்கரையில வாணவேடிக்கை விட்டதுக்கு முன்னும் பின்னும் தண்ணியை அளந்தாங்க, 2007ல வெளியிட்டாங்க, 14 மணி நேரத்துக்குள்ள பெர்குளோரேட் பழைய அளவைவிட 24 மடங்குல இருந்து 1,028 மடங்கு வரைக்கும் ஏறிப்போச்சு, திரும்ப இறங்க 20ல இருந்து 80 நாள் ஆச்சு. நம்ம பக்கம் சில ஊர்ல இன்னைக்கும் குடிக்கிறதுக்கு ஊருணித் தண்ணிதான், பைப்பு வந்தாலும் பருப்பு வேக, காபி போட ஊருணித் தண்ணியே வேணும்னு குடத்தைத் தூக்கிக்கிட்டு போறவங்க இருக்காங்க, அதுக்காகவே கால் கழுவக்கூட விடாம கம்பி வேலி போட்டு காவல் காத்த ஊருணி எல்லாம் இருக்கு. அப்படிக் காப்பாத்துற ஊருணிக் கரையில திருவிழாவுக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் சரவெடி கொளுத்துறதை நிறுத்தணும், குடிக்கிற தண்ணியா இருந்தா கண்டிப்பா நிறுத்தணும், வேற பொட்டல்ல போய் வெடிக்கட்டும். இதை நான் போற ஊர்ல எல்லாம் சொல்லிக்கிட்டுதான் இருக்கேன். இன்னொண்ணு, பெர்குளோரேட் கொதிக்க வெச்சா போகாது, தண்ணி சுண்டினா இன்னும் கூடத்தான் செய்யும், ஆர்ஓ மெஷின்ல பெரும்பகுதி போகும்.

இந்த வாசல் விஷயத்துல எனக்கு ரொம்ப முக்கியமாப் பட்ட ஆய்வு 2006ல அமெரிக்க அரசோட நோய்த்தடுப்பு மையமான சிடிசி ஆளுங்க வெளியிட்டது. நாடு முழுக்க ரெண்டாயிரத்துக்கு மேல பேரோட சிறுநீர்ல பெர்குளோரேட் எவ்வளவு, ரத்தத்துல டி4, டிஎஸ்ஹெச் எவ்வளவுன்னு பார்த்தாங்க. ஆம்பளைங்ககிட்ட ஒரு தொடர்பும் தெரியல. பொம்பளைங்ககிட்ட, அதுலயும் சிறுநீர் அயோடின் லிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழ இருந்தவங்ககிட்ட, பெர்குளோரேட் கூடக் கூட டி4 குறைஞ்சு டிஎஸ்ஹெச் ஏறியிருந்துச்சு. எல்லாரும் தினசரி சாப்பாட்டுலயும் தண்ணியிலயும் வாங்குற சின்ன அளவுதான் அது. வித்தியாசத்தைக் கொண்டு வந்தது அயோடின் பத்தாமை.

சரி, நமக்கு அயோடின் பத்துதான்னா, இங்கதான் உங்க அடுப்படிக்கு வர்றேன். 2018-19ல நாடு முழுக்க எடுத்த அயோடின் கணக்கெடுப்புல போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்துற வீடு இந்தியா மொத்தத்துல 76.3 சதவீதம், தமிழ்நாட்டுல 61.9, மாநிலங்கள்லயே கடைசி. உப்பு விளையுற கடற்கரையை வெச்சுக்கிட்டு நாம கடைசி. காரணம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், மூட்டையில வர்ற சாதாக் கல்லுப்பு. நம்ம வீடுகள்ல ஊறுகா, மோர் மிளகா, வத்தல் எல்லாத்துக்கும் கல்லுப்புதான், அயோடின் உப்பு போட்டா ஊறுகா கறுத்துரும்னு ஆச்சிமார் விடவே மாட்டாங்க. ஊறுகாய்க்கு வேணா அதையே வெச்சுக்கோங்க, தினம் குழம்புக்கும் சோத்துக்கும் போடுற உப்பு அயோடின் உப்பா இருக்கட்டும், கல்லுப்புதான் வேணும்னா அயோடின் சேர்த்த கல்லுப்பே பாக்கெட்ல கிடைக்குது, பாக்கெட் மேல சிரிக்கிற சூரியன் மாதிரி ஒரு படம் போட்டிருக்கும் பாருங்க. இன்னொரு விஷயம், அடுப்பு பக்கத்துல திறந்த உப்பு மரவையில போட்டு வெச்சா வெக்கையிலயும் ஈரத்துலயும் அயோடின் போயிக்கிட்டே இருக்கும், மூடி போட்ட டப்பாவுல வெச்சு குழம்பு இறக்கறப்ப போடுங்க. உப்பை அதிகமா சாப்பிடச் சொல்லல, போடுறது அயோடின் உப்பா இருக்கணும்னுதான் சொல்றேன்.

இதே வாசலை மெதுவா தடுக்கிற மத்த ஆளுங்களையும் சொல்லிர்றேன். யூரியா அதிகம் போட்ட வயக்காட்டுக் கிணத்துல நைட்ரேட் இருக்கும், சிகரெட் புகையில இருந்து உடம்புல தையோசயனேட் உண்டாகும், மரவள்ளிக்கிழங்குல இருந்தும் வரும். வாரத்துல ஒரு நாள் கிழங்கு சாப்பிடுறதால ஒண்ணும் ஆகாது, நல்லா வேக வெச்சு அந்தத் தண்ணியைக் கொட்டிருங்க. வீட்டுக்குள்ள உங்க மச்சான் சிகரெட் பிடிப்பார்னா அதை நிறுத்தச் சொல்லுங்க, மாசமா இருக்கிறவங்க பக்கத்துல அந்தப் புகையே வேண்டாம், அதுக்கு தைராய்டு மட்டும் காரணம் இல்லை.

ரெண்டாவது இடம் டிபிஓ என்சைம். இங்கதான் காய்கறி மருந்து வருது. மேங்கோசெப்னு ஒரு பூஞ்சாண மருந்து, மஞ்சளும் சாம்பலும் கலந்த தூளு, தண்ணியில கரைச்சு அடிச்சா தக்காளி, மிளகா, திராட்சை மேல காய்ஞ்சு பூசினாப்புல ஒட்டியிருக்கும், திராட்சைக் காம்பு ஒட்டுற குழியில விரலை வெச்சுத் தேய்ச்சா சில சமயம் கையிலயே தெரியும். இது உடம்புலயும் வெயில்லயும் சமைக்கிற சூட்டுலயும் எத்திலீன்தையோயூரியாவா மாறும். தைராய்டு அதிகமா சுரக்கிறவங்களுக்கு டாக்டர் குடுக்கிற கார்பிமசோல் எந்த என்சைமைத் தடுக்குதோ அதே என்சைமைத்தான் இதுவும் தடுக்குது, கெமிஸ்ட்ரியில ரெண்டும் சொந்தக்காரங்கதான். அடிக்கிறவருக்குத்தான் இதுல பெரிய ஆபத்து, மூஞ்சில துணியைக் கட்டிக்கிட்டு வெறுங்கையில கலக்குறாங்க பாருங்க, அவங்களுக்கு. சாப்பிடுற நமக்கு என்ன வழின்னா, கழுவாம வதக்கக் கூடாது, சூடு படுறதுக்கு முன்னாடியே மேல இருக்கிறதை ஓடுற தண்ணியில தேய்ச்சுக் கழுவிறணும், மருந்து முதல்ல போகணும், அப்புறம்தான் அடுப்பு.

இதே என்சைமை கம்பும் தடுக்கும்ங்கிறது நிறைய பேருக்குத் தெரியாது. கம்புல இருக்கிற ஒரு வகை ஃப்ளேவனாய்டு டிபிஓவை மெதுவாக்கும், சூடான்ல கம்பையே மூணு வேளையும் சாப்பிட்டு அயோடினும் பத்தாத பகுதிகள்ல கழுத்துக்கழலை அதிகமா இருந்ததை வெச்சுக் கண்டுபிடிச்சாங்க. இயற்கைன்னா எல்லாம் நல்லது, கெமிக்கல்னா எல்லாம் கெட்டதுன்னு பிரிக்கிறது இங்க செல்லாது. கம்பங்கூழ் வேண்டாம்னு சொல்லல, அயோடின் உப்பு போட்டுக் குடிங்க.

ஃப்ளோரைடு பத்தியும் கேட்டிருந்தீங்க. தருமபுரி, கிருஷ்ணகிரி மாதிரி தண்ணியில ஃப்ளோரைடு ஏறின இடங்கள்ல இது பெரிய பேச்சு, பல்லு எலும்பு கெடுறது நிச்சயமான விஷயம், தைராய்டுக்கு அதிக அளவுல பாதிப்பு உண்டுங்கிறதுக்கும் ஆதாரம் இருக்கு. நம்ம தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேற தண்ணியே இல்லைன்னா 1.5 வரைக்கும். உங்க போர் தண்ணியை ஒரு தடவை அரசு குடிநீர் வாரிய லேப்ல குடுத்து ஃப்ளோரைடும் நைட்ரேட்டும் பார்த்துட்டா சந்தேகம் தீர்ந்துரும்.

மூணாவது இடம் ரத்தத்துல டி4 ஏறிப் போற புரதம். டிரான்ஸ்தைரெட்டின்னு ஒண்ணு இருக்கு, மூளைப் பக்கத்துலயும் நஞ்சுக்கொடியிலயும் இது முக்கியம். பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில இருந்த பிசிபி, சோபா ஸ்பாஞ்சுலயும் டிவி பெட்டியிலயும் தீப்பிடிக்காம இருக்கச் சேர்த்த புரோமின் கெமிக்கல், ஒட்டாத சட்டி, கறை பிடிக்காத துணிக்கெல்லாம் பயன்பட்ட ஃப்ளோரின் கெமிக்கல்னு இந்தக் கூட்டத்துல சிலது இந்தப் புரதத்துல டி4 உக்கார வேண்டிய இடத்துல போய் உக்காந்துரும். திருவிழா நாள்ல பஸ்ஸு நிக்கிறதுக்கு முன்னாடி ஜன்னல் வழியா துண்டைப் போட்டு சீட்டைப் பிடிச்சிர்றாங்கல்ல, அது மாதிரி, டிக்கெட் எடுத்த ஆளு கீழயே நிக்கணும். பிசிபியோட ஹைட்ராக்சி வடிவம் சிலது டி4ஐவிட இறுக்கமாவே இங்க ஒட்டும்னு ஆய்வுக்கூடத்துல அளந்திருக்காங்க. நமக்கு இதெல்லாம் எங்க இருந்து வரும்னா பழைய இரும்புக் கடைப் பக்கம் வயரைக் கொளுத்தி செம்பு எடுக்கிற புகையில இருந்தும், மீன், பால், நெய்னு கொழுப்பு உள்ள சாப்பாட்டுல கொஞ்சம் கொஞ்சமா சேர்றதுல இருந்தும்தான். சட்டியைப் பொறுத்தவரைக்கும் உங்க வீட்டு மேல் பரண்ல இருப்புச்சட்டியும் மாக்கல் சட்டியும் தூங்குதுன்னா எடுத்துப் பழக்கிப் பயன்படுத்துங்க, தோலு உரிஞ்ச நான்ஸ்டிக் வேண்டாம்.

நாலாவது டி4 டி3 ஆகுற இடம். அதைப் பண்ற என்சைமுக்கு செலீனியம் வேணும், பாதரசம், காட்மியம் மாதிரி கன உலோகங்கள் செலீனியத்தைப் பிடிச்சுக்கும். இதுல கண்ணுக்குத் தெரியிற உதாரணம் ஒண்ணு சொல்றேன், பேக்கரியில பன்னு மேலயும் ஐஸ்கிரீம் மேலயும் வைக்கிற செர்ரி, அது நிறைய இடத்துல செர்ரியே இல்லை, சர்க்கரைப்பாகுல ஊறின களாக்கா, அந்த ரத்தச் சிவப்புக்குப் போடுறது எரித்ரோசின்ங்கிற சாயம். அந்தச் சாய மூலக்கூறுல பாதிக்கு மேல எடை அயோடின்தான், எலிகளுக்கு அதிகமா குடுத்தப்ப இந்த மாத்துற என்சைமைத் தடுத்து டிஎஸ்ஹெச்சை ஏத்தி தைராய்டு கட்டி வரவெச்சது. அமெரிக்காவுல 2025 ஜனவரியில சாப்பாட்டுல இதைப் பயன்படுத்தக் கூடாதுன்னு அங்க உணவையும் மருந்தையும் கட்டுப்படுத்துற எஃப்டிஏ அறிவிச்சிருச்சு, மனுசங்களுக்கு அதே வழியில கேன்சர் வரும்னு காட்டல, எலிக்கு வந்தாலே அனுமதி கூடாதுங்கிறது அவங்க சட்டம். நம்ம ஊர்ல இன்னும் உண்டு. பிள்ளைங்களுக்கு வாங்கிக் குடுக்கறப்ப அந்தச் செர்ரியை எடுத்துப் போட்டுட்டு குடுத்தா போதும்.

அஞ்சாவது இடம் ஈரல், உங்க அம்மா விஷயம் இங்கதான் இருக்கு, கவனமா படிங்க. வெளிக் கெமிக்கல் ஏதாவது நிறைய உள்ள வந்தா ஈரல் அதை வெளியேத்த என்சைமைக் கூட்டும், கூட்டின என்சைம் அந்தக் கெமிக்கலோட நிக்காது, டி4ஐயும் சேர்த்து சீக்கிரம் வெளியேத்தும். நல்ல சுரப்பி இருந்தா டிஎஸ்ஹெச் விரட்டி ஈடுகட்டிரும், அம்மா மாதிரி மாத்திரையில ஓடுறவங்ககிட்ட விரட்டுறதுக்கு சுரப்பி ஏது, அளவு குறைஞ்சுக்கிட்டே போகும், டிஎஸ்ஹெச் ஏறும், டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார். இது மனுசங்ககிட்ட ரொம்ப நிச்சயமா தெரிஞ்சது மருந்துகள்லதான், ஃபெனோபார்பிட்டோன், ஃபெனிடாயின், கார்பமசெபின், டிபி நோய்க்குக் குடுக்கிற ரிஃபாம்பிசின். அம்மாவுக்கு 75ல இருந்தது 125 ஆனது வலிப்பு மாத்திரை ஆரம்பிச்சதுக்கு அப்புறம்னு நீங்களே எழுதியிருக்கீங்க, கேன் தண்ணியைத் தேடிப் போறதுக்கு முன்னாடி இதை டாக்டர்கிட்ட சொல்லுங்க, ரெண்டு டாக்டரும் வேற வேறன்னா ரெண்டு பேர்கிட்டயும் ரெண்டு சீட்டையும் காட்டுங்க. எக்காரணம் கொண்டும் வலிப்பு மாத்திரையை நீங்களா நிறுத்திராதீங்க, அது உயிருக்கே ஆபத்து. தைராய்டு மாத்திரையைக் கூட்டி ரெண்டையும் சேர்த்து நடத்துறதுதான் வழக்கம். பின்னாடி எப்பவாவது வலிப்பு மாத்திரையை டாக்டரே மாத்தினா தைராய்டு அளவையும் திரும்பப் பார்க்கணும், இல்லைன்னா ஹார்மோன் கூடிப்போயி நெஞ்சு படபடக்கும்.

முன்னாடி சொன்ன அயோடின் வாசல், டிபிஓ ரெண்டு சமாச்சாரமும் அம்மாவுக்குக் கிட்டத்தட்ட பொருந்தாது பாருங்க, சுரப்பியே வேலை பார்க்காதப்ப வாசலைத் தடுத்தா என்ன தடுக்காட்டி என்ன. அக்காவுக்கு அது தலைகீழ்.

இதே ஈரல் வழியில போற வெளிக் கெமிக்கல்னு பார்த்தா பிசிபி, பிளாஸ்டிக் எரியறப்ப உண்டாகுற டயாக்சின், பழைய குளோரின் பூச்சி மருந்துகள், சில சோப்புல போட்ட டிரைக்குளோசான். எலிகள்ல இது பளிச்சுன்னு தெரியும், ஆனா எலிக்கு டி4 ஒரு நாளுக்குள்ளயே பாதியாகிரும், நமக்கு ஒரு வாரம், நம்ம ரத்தத்துல டி4ஐக் கெட்டியாப் பிடிச்சு வைக்கிற புரதம் கூட, அதுனால எலியில வந்தது அப்படியே நமக்கு வரும்னு எடுத்துக்கக் கூடாது. மனுசங்ககிட்ட ஒரு நல்ல ஆதாரம் இத்தாலியில செவெசோங்கிற ஊரு. 1976ல ஒரு கெமிக்கல் ஆலையில விபத்து நடந்து டயாக்சின் புகை ஊரு மேல படிஞ்சது. அப்ப அங்க இருந்த பொண்ணுங்களுக்கு 1994ல இருந்து 2005 வரைக்கும் பிறந்த பிள்ளைங்களோட டிஎஸ்ஹெச்சைப் பார்த்தாங்க, அதிகமா பாதிச்ச பகுதியில இருந்த தாய்மார் பிள்ளைங்களுக்கு அது கூடியிருந்துச்சு. விபத்து நடந்து இருபது வருஷம் கழிச்சும் தாயோட கொழுப்புல தங்கியிருந்தது பிள்ளையைத் தொட்டிருக்கு.

நம்ம தெருவுல பிளாஸ்டிக்கையும் வயரையும் ரெக்சின் செருப்பையும் குவிச்சுக் கொளுத்துறாங்களே, அதுல டயாக்சின் உண்டாகுது. செவெசோ அளவு இல்லைதான், ஆனா தினம் சாயங்காலம் கொளுத்துறோம், அந்தப் புகைக்குள்ளயே பிள்ளைங்க விளையாடுது. கேன் தண்ணிக்குக் காட்டுற பயத்துல பாதியை இதுக்குக் காட்டினா எவ்வளவோ நல்லா இருக்கும்னு எனக்கு உண்மையிலயே வருத்தம் உண்டு.

அடுத்து பெரிய வீடு. வருஷம் முழுக்க பூட்டிக்கிடந்து ஏதாவது விசேஷம்னா மட்டும் திறக்கிற வீடுகள்ல தேக்குத் தூணையும் நிலையையும் காப்பாத்தணும்னு கரையான் மருந்து அடிக்கிறாங்க, குளோர்பைரிஃபாஸ் மாதிரி. அதுக்கு முன்னாடி ஆல்ட்ரின், ஹெப்டாக்ளோர் எல்லாம் அடிச்சாங்க, அது ரெண்டையும் 1996ல நிறுத்திட்டாங்க. பிஹெச்சிங்கிற கெமாக்சின் பொடியை 1997ல நிறுத்தினாங்க, ஆனா ரெண்டாங்கட்டு ஸ்டோர் ரூம்லயோ பத்தாயத்துக்குப் பின்னாடியோ துருப்பிடிச்ச டப்பாவுல அந்தப் பொடி இன்னும் இருக்கிற வீடு இருக்கு, மூடியைத் திறந்தாலே பூசண வாடை அடிக்கும், எறும்புக்குப் போடலாம்னு எடுத்து மூலைக்கு மூலை தூவுவாங்க. அதைத் தொடாதீங்க, பிள்ளைங்க கைக்கு எட்டாம வைங்க, ஊருணிப் பக்கமோ கிணத்துப் பக்கமோ மட்டும் கொட்டிராதீங்க. உங்க அக்கா மாசமா இருக்கிற வரைக்கும், மருந்தடிச்சுத் திறந்த வீட்டுல போய் தங்க வேண்டாம், விசேஷம்னா பகல்ல வந்துட்டுப் போகட்டும், கதவு ஜன்னல் எல்லாம் திறந்து நாலஞ்சு நாள் காத்தாட விட்ட பிறகு. பூட்டின அறையைக் கூட்டிப் பெருக்குற வேலை அவங்களுக்குக் கண்டிப்பா வேண்டாம், பழைய மருந்தெல்லாம் அந்தத் தூசியிலதான் தங்கியிருக்கும்.

கடைசியா செல்லுக்குள்ள டி3 உக்கார்ற இடம். பிஸ்பீனால் ஏங்கிற கெமிக்கல் அங்க டி3யோட வேலையைத் தடுக்கும்னு செல்கள்ல காட்டியிருக்காங்க, மனுசங்ககிட்ட எடுத்த ஆய்வுகள் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகல. உங்க சொந்தக்காரங்க சொல்ற 20 லிட்டர் கேன்ல கெட்டியா நீலமா கண்ணாடி மாதிரி இருக்கிற வகை பாலிகார்பனேட்டா இருந்தா அதுல இது இருக்கும், அடியில முக்கோணத்துக்குள்ள 7ன்னு போட்டிருக்கலாம், வெயில்ல காயக் காய, பழசாக ஆக கொஞ்சம் கூடக் கசியும். திறந்த வண்டியில போட்டு வெயில்ல கொண்டு வந்து வாசல்ல இறக்குற கேனை வாங்காம, நிழல்ல வெச்ச கேனை வாங்கி உடனே எவர்சில்வர் குடத்துலயோ பானையிலயோ ஊத்திக்கோங்க. சூடான சாம்பாரைக் கவர்ல கட்டி வாங்காம தூக்குச்சட்டியைக் கொண்டு போங்க. இவ்வளவு போதும், இதுக்கு மேல கேனைப் பத்திக் கவலைப்பட்டு தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க. என் கணக்குல உப்புக்கு அடுத்து கொளுத்துற புகை, அதுக்கு அடுத்து பூச்சி மருந்து, கேன் ரொம்பப் பின்னாடி.

இப்ப அக்கா. வயித்துல பிள்ளைக்கு முதல் மூணு மாசம் சொந்தமா ஹார்மோன் கிடையாது, 12 வாரத்துக்கு மேலதான் அதோட சுரப்பி மெல்ல ஆரம்பிக்கும், கர்ப்ப காலத்துல பாதி வரைக்கும் தாயோட டி4தான் பிள்ளை மூளைக்கு. அதுனால தாயோட சுரப்பி வழக்கத்தைவிட கிட்டத்தட்ட பாதி மடங்கு கூட உழைக்கணும், அயோடினும் சாதாரணமா நாளைக்கு 150 மைக்ரோகிராம் வேணும்னா இப்ப 250 வேணும். உழைப்பு கூடின இந்த நேரத்துல அயோடின் பத்தாம, வாசலை மறிக்கிற கெமிக்கலும் சேர்ந்தா ஈடுகட்ட முடியாம போகும். 1999ல அமெரிக்காவுல மெய்ன் மாநிலத்துல வந்த ஆய்வு இதுல பேர்போனது, மாசமா இருந்தப்ப தைராய்டு குறைவா இருந்தும் மாத்திரை எடுக்காத 48 தாய்மாரோட பிள்ளைங்களுக்கு ஏழெட்டு வயசுல ஐக்யூ சராசரியா 7 புள்ளி குறைவா இருந்துச்சு. டிஎஸ்ஹெச் லேசா மட்டும் கூட இருந்தவங்களுக்கு மாத்திரை குடுத்துப் பார்த்து 2012லயும் 2017லயும் வந்த பெரிய ஆய்வுகள்ல ஐக்யூவுல வித்தியாசம் தெரியல, அதையும் சொல்லணும், ஆனா அதுல மாத்திரை ஆரம்பிச்சதே மூணு மாசத்தை ஒட்டியும் அதுக்கு மேலயும்தான். அக்காவோட எண்ணையும் ஆன்டிபாடியையும் பார்த்து டாக்டர் மாத்திரை எழுதினா "மாத்திரையும் கெமிக்கல்தானே"ன்னு யாரு சொன்னாலும் கேக்காம போடச் சொல்லுங்க. அது நம்ம சுரப்பி செய்ற டி4 மூலக்கூறேதான், ஒரு அணுகூட வித்தியாசம் கிடையாது. அயோடின் நல்லதுன்னு கடல்பாசி மாத்திரை, அயோடின் சொட்டுன்னு தானா வாங்கிப் போடவும் வேண்டாம், அளவு மீறினா சுரப்பி அப்படியே நின்னுபோகும், வயித்துப் பிள்ளையோடதும் சேர்த்து.

மாத்திரை போடுற முறை ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், இதுலதான் நிறைய பேரு கோட்டை விடுறாங்க. விடிஞ்சதும் வெறும் வயித்துல தண்ணியில விழுங்கணும், நம்ம வீடுகள்ல கண்ணு முழிச்சதும் டிகிரி காபி வேணும், அந்தக் காபி அரை மணியில இருந்து ஒரு மணி நேரம் தள்ளிப் போகணும், காபி மாத்திரை உறிஞ்சுறதைக் குறைக்கும். அக்காவுக்கு குடுத்திருக்கிற இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை நாலு மணி நேரம் தள்ளி. மாத்திரை டப்பாவை அடுப்புக்கு மேல ஷெல்ஃப்ல வைக்காதீங்க. அக்காவுக்கு டிஎஸ்ஹெச் டெஸ்ட் கர்ப்ப காலத்துல பாதி வரைக்கும் நாலு வாரத்துக்கு ஒரு தடவை, அப்புறம் முப்பது வாரம் வாக்குல ஒரு தடவை. முடி, நகத்துக்குன்னு பயோட்டின் மாத்திரை ஏதாவது சாப்பிட்டா டெஸ்ட்டுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே நிறுத்தணும், அது ரிப்போர்ட்டையே தப்பா காட்டும்.

பிள்ளை பிறந்ததும் ஒரு விஷயத்தை அக்கா மறந்தாலும் நீங்க ஞாபகமா கேளுங்க, மூணாவது நாள் வாக்குல குதிகால்ல குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து டிஎஸ்ஹெச் பார்க்கிற டெஸ்ட். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) அஞ்சு நகரத்துல பார்த்த கணக்குல 1,130 பிள்ளைக்கு ஒண்ணு, சென்னையில 727க்கு ஒண்ணு பிறவியிலேயே தைராய்டு குறைவோட பிறக்குது, பார்த்தா நல்லா கொழுகொழுன்னு அமைதியாத்தான் இருக்கும், ரெண்டு வாரத்துக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சிட்டா மூளை ஒழுங்கா வளரும். எல்லா ஆஸ்பத்திரியிலயும் தானா எடுக்க மாட்டாங்க, டிஸ்சார்ஜுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட வாய்விட்டுக் கேட்டு எடுத்துக்கோங்க, ரிப்போர்ட்டு கைக்கு வந்ததையும் பார்த்துக்கோங்க.